கன்னி மூலையில் ஒரு மேடு

மனை வடகிழக்கில் உயர்ந்து தென்மேற்கில் சரிந்தது. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அங்கே மேயும் ஆட்டுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் சேற்றைப் பிடிக்கும் குழியை வடகிழக்கில்தான் வெட்ட வேண்டும் என்றார் வீடு கட்டும் சோமசுந்தரம் செட்டியார். தண்ணீர் ஈசான்ய மூலையில்தான் நிற்க வேண்டுமாம்.

கட்டட வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த கன்னையா எதிர்த்துப் பேசவில்லை. பல வருஷம் பிறர் கையில் மேஸ்திரியாக இருந்துவிட்டு, மலேசியாவின் கிள்ளானில் சொந்தமாக எடுத்த முதல் வேலை அது. வரைபடத்தில் குழி அழகாக இருந்தது. நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதை மட்டும் அவர் அதில் காட்டவில்லை. நான் அங்கே காவல்காரன். என்னை யாரும் கேட்கவில்லை.

நவம்பரின் முதல் மழையில் குழிக்குள் ஒரு சொட்டும் சேரவில்லை. செம்மண் முழுவதும் தெருவோர வடிகாலான லொங்காங்கில் இறங்கி, அடைத்துக்கொண்டு, கீழ்ப்பக்கத்துச் சலவைக்கடை இராஜம்மாவின் முற்றத்தில் ஏறியது. மறுநாள் நகராண்மைக் கழக அதிகாரி வந்தார்.

"பாஸ், இன்னொரு தடவை லொங்காங்ல சேறு பார்த்தேன், வேலை ஸ்டாப். லாஸ்ட் வார்னிங் லா."

அவர் போனதும் செட்டியார் தன் பங்குக்குச் சொன்னார். "தைப் பொங்கல் இந்த வீட்லதான் பொங்கணும். வேலை நின்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன், கன்னையா."

"அண்ணே, தென்மேற்குல ஒரு குழி வெட்ட விடுங்க. எல்லாம் சரியாயிடும்."

"கன்னி மூலையில பள்ளம் வந்தா வீட்டுத் தலைவனுக்கு ஆகாது."

"யாருண்ணே தலைவன்?"

"நான்தான்யா."

அப்போது இராஜம்மா ஒரு படுக்கை விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓட்டலுக்குப் போக வேண்டிய வெள்ளை விரிப்பு. பாதி சிவப்பு.

"செட்டியாரே, சாஸ்திரம் எனக்கும் தெரியும். கன்னி மூலையில கனம் இருக்கணும், உயரம் இருக்கணும். உங்க மூலையில ஒரு கல்லு இருக்கா? இருந்த மண்ணையும் என் வீட்டுக்கு அனுப்பிட்டீங்க."

செட்டியார் முகம் மாறியது. கன்னையா சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அக்கா சொல்றது சரிதாண்ணே. பள்ளம் வேணாம். மேடு கட்டிடலாமா?"

"எவ்வளவு உயரம்?"

"உங்க இடுப்பு வரைக்கும்."

"நெஞ்சு வரைக்கும் கட்டு" என்றார் செட்டியார்.

சரிவின் அடியில் மணல் மூட்டைகளைப் பிறை வடிவில் அடுக்கினார்கள். நடுவே ஒரு வாய் விட்டு, அதில் ஜல்லியைத் திணித்தார்கள். சேறு உள்ளே தங்கி, தண்ணீர் மட்டும் கசிய வேண்டும். மண் குவியலுக்குக் கான்வாஸ் போட்டார்கள். லொங்காங் ஓரத்தில் சிமெண்டு வாளி கழுவுவதை நிறுத்தினார்கள்.

அடுத்த பெருமழை பிற்பகலில் வந்தது. மேட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேநீர் நிறத்தில் தேங்கியது. நான்கு குடைகள் லொங்காங் ஓரம் நின்றன. செட்டியாருடையது, இராஜம்மாவுடையது, என்னுடையது; நாலாவது அதிகாரியுடையது. கன்னையா மட்டும் குடை பிடிக்க மறந்து நனைந்துகொண்டிருந்தார்.

ஜல்லி வழியாக வந்த தண்ணீரில் இராஜம்மா ஒரு வெள்ளைத் தலையணை உறையை முக்கிப் பிழிந்து, விரித்துக் காட்டினார். இலேசான மஞ்சள். சேறு இல்லை.

"மச்சாம் மானா, ஆன்டி? எப்படி இருக்கு?" என்று கேட்டார் அதிகாரி.

"துவைக்க ஆகாது. ஆனா லொங்காங்கு இதைத் தாங்கும்."

அதிகாரி சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். கன்னையா மூட்டைகள்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சாஸ்திரம் பொய்க்குமா?" என்றார் செட்டியார்.

"பொய்க்காதுண்ணே."

"அந்த விரிப்புக்கு யார் பதில் சொல்றது? சாஸ்திரமா?" என்றார் இராஜம்மா.

இப்போது மழைக்குப் பிறகு மேட்டின் பின்னால் படிந்த சேற்றை ஆட்கள் அள்ளி எடுக்கிறார்கள். ஈசான்யக் குழி இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. செட்டியார் தினமும் காலையில் வந்து அதில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார். மதியத்துக்குள் மண் குடித்துவிடும். வாளியைத் தயாராக நிரப்பி வைப்பது கன்னையாதான்.