எம்புட்டு நேரம் நிப்பீக

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் ஒரு கக்கூஸ். அதுவும் கட்டாத கக்கூஸ்.

எடுத்த எடுப்பில் இப்படி எழுதாதே, வாசிக்கிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள் என்று என்னோடு வேலைக்கு வரும் ஜக்கம்மா சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதே கொஞ்ச காலமாகத்தான். நாற்பதைத் தாண்டியபிறகு அறிவொளி வகுப்பில், மகள் வயதுப் பிள்ளை ஒருத்தி கையைப் பிடித்து எழுதவைத்த எழுத்து இது. பகல் முழுக்க ஏலச்செடித் தூரில் குந்தியிருந்துவிட்டு வந்து எழுதுகிறேன். வாக்கியம் எங்காவது நொண்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள், நானே நொண்டித்தான் நடக்கிறேன்.

கம்பத்திலிருந்து மலையேறும் ரோட்டின் அடிவாரத்தில் ஒரு செக்போஸ்ட். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு எங்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் விடியற்காலையில் அங்கேதான் வரிசை கட்டும். அத்தனை பெண்கள் நிற்கிற இடத்தில் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்திருந்தோம். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஒரு நாள், கையில் தாளும் பேனாவுமாக ஒரு பெண் வந்து கேட்டாள், காத்திருப்பது பற்றி.

காத்திருப்பது பற்றி ஒருத்தி எழுதிக்கொண்டு போகிறாள் என்றால் எதற்கு? நிழற்குடை கட்டத்தான். நிழற்குடை கட்டினால் பக்கத்தில் ஒரு கக்கூஸும் கட்டுவார்கள்தானே. அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

2

கதையை எங்கே தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"விடிந்தும் விடியாத பொழுதில் மலையன்னை பனிப்போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு…"

(அடித்துவிட்டேன். அங்கே ஒரு போர்வை இருந்திருந்தால் நான் போர்த்தியிருப்பேன்.)

"காட்டுமாடுகள் கூட்டமாக வாழும் இயல்புடையவை. அவை கோடையில் நீருக்காக…"

(வகுப்பில் எழுதிய கட்டுரை மாதிரி இருக்கிறது. இதையும் விட்டுவிட்டேன்.)

"மதலேனாள் ஜீப்பின் முன்சீட்டில் ஏறினாள்."

இது நிற்கட்டும். எங்கள் ஜீப்பில் முன்சீட்டு அவளுடையது. முழங்காலை மடக்கமுடியாது அவளுக்கு. (முழங்கால்வலி என்னுடையது, அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். நிஜ மதலேனாளுக்கு முன்சீட்டு கிடைத்தது அவள் வாய்க்குப் பயந்து. அதை எழுதினால் நாளைக்கு அவளோடு ஜீப்பில் போகமுடியாது.)

3

வந்த பெண்ணின் பெயர் ஷர்மின். உத்தமபாளையத்துப் பிள்ளை. வெளியூரில் காட்டு விலங்குகளைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். செக்போஸ்ட் டீக்கடையில் மதலேனாளிடம்தான் முதலில் கேட்டாள்.

"அக்கா, ரோட்டுல காட்டுமாடு குறுக்க நின்னா எம்புட்டு நேரம் நிப்பீக?"

மதலேனாள் தாளைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். குறைத்துச் சொன்னால் நிழற்குடை வராது என்று கணக்குப் போட்டாள்.

"அது நிப்போம் தாயி. அரைமணி நேரம்னாலும் நிப்போம்."

"முக்கா மணிகூட நிப்போம்," என்றாள் எங்கள் ஜீப்பில் வரும் மாயக்காள். "பொம்பளைகளுக்கு ஒரு மறைப்பு மட்டும் கட்டிக் குடுத்துட்டாகன்னா."

"நெசமாவே நிப்பீகளா?"

"நாங்க என்னத்துக்குப் பொய் சொல்லப் போறோம்?"

ஷர்மின் அரைமணி என்று எழுதிக்கொண்டாள். மறைப்பை எழுதவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, எங்களுக்குக் காட்டவேண்டும் என்று ஆசையாகக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அதே டீக்கடைக்கு வந்தாள். திரையில் கறுப்பாக ஒரு கோடு. அது எங்கள் ரோடு. தவிட்டு நிறப் புள்ளிகள் காட்டுமாடுகள். செவப்புப் புள்ளிகள் ஜீப்புகள். ரோட்டோரம் புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவர் இடிந்துகிடக்கும் ஒரு வளைவில்தான் மாடுகள் ரோட்டைக் கடக்கமுடியும். செவப்பு நிற்காமல் ஓடினால் தவிட்டுப் புள்ளிகள் பின்வாங்கின. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று கூட்டம் இரண்டானது. ஓடை இருப்பது கீழே. கோடை வந்ததும் மேலே இருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"ஆத்தாடி," என்றாள் மாயக்காள்.

"இப்ப பாருங்க." ஷர்மின் எதையோ தட்டினாள். செவப்பு நின்றது. தவிட்டுப் புள்ளிகள் ஒவ்வொன்றாக இறங்கித் தண்ணீருக்குப் போய்த் திரும்பி வந்தன. ஒன்றுகூட அணையவில்லை.

மதலேனாள் திரையில் விரல் வைத்தாள். "இதுல நான் எங்கன இருக்கேன்?"

"செவப்பு நிக்குதுல்லக்கா, அந்த நேரம் நீங்க சொன்னது. நீங்க சொன்னதுனாலதான் இம்புட்டும் கடக்குது."

மதலேனாள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "பாப்பா, அது வந்து…"

(அந்த வாக்கியத்தை அவள் அன்றைக்கு முடிக்கவில்லை. நானும் அவளுக்காக முடித்துவைக்கவில்லை.)

"ஒரு தடவை ஓட்டிப் பாத்து எதையும் சொல்ல முடியாதுக்கா," என்று ஷர்மின் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆயிரம் தடவை ஓட்டணும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி முடியும். எது அதிகமா வருதுன்னு பாக்கணும்."

கதைக்காரர்கள் ஏன் ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டு முற்றும் போடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

4

ஷர்மினை என்ன செய்வது என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். முதலில் எழுதியபோது அவளுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டி, வாய் திறந்தால் இங்கிலீஷ் வருகிற மாதிரி வைத்திருந்தேன். கதைக்கு ஒரு பொல்லாதவர் வேண்டாமா? ஜீப்பில் வாசித்துக் காட்டினேன். ஜக்கம்மா பாதியில் நிறுத்தினாள்.

"அந்தப் பிள்ளை நம்ம தூக்குச்சட்டியில கைய விட்டுப் புளிச்சோறு தின்னுச்சு. கண்ணாடியக் கழட்டுடி."

கழட்டிவிட்டேன். இப்போது இந்தக் கதையில் பொல்லாதவர் யாரும் இல்லை. அதனால்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

5

ஷர்மின் காட்டிய படத்தைப் பார்த்து ஒரு மாதச் சோதனைக்கு வனத்துறை உத்தரவு வந்தது. விடிந்தபிறகுதான் செக்போஸ்ட் கேட் திறக்கும். வழியில் மாடு நின்றால் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கவேண்டும். ஹாரன் கூடாது. வண்டிகள் நின்றால் அந்த இடிந்த சுவரை அப்படியே விட்டுவிடுவார்கள். நிற்கவில்லை என்றால் அடைத்துவிடுவார்கள். பிறகு மேலே இருக்கிற மாடு மேலே, கீழே இருக்கிறது கீழே.

இது மாட்டுக்கு. எங்களுக்கு வேறு உத்தரவு வந்தது. இரண்டு தடவை தாமதமாகப் போனதும் தோட்டத்துக் கங்காணி ராஜமணி ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இன்னொரு நாள் லேட்டாச்சு, இந்த ஜீப்பே வேணாம். குச்சனூர் ஜீப் ஒண்ணு வேலை கேட்டு நிக்குது, அதைச் சேத்துக்கிருவேன்."

"கேட் தொறக்கலைன்னா நாங்க பறந்தா வரமுடியும்?" என்றாள் மதலேனாள்.

"அந்தப் பிள்ளைட்ட அரைமணி நேரம் நிப்போம்னு சொன்னதே நீதானாமே?"

மலைக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஜீப்பில் யாரும் மதலேனாளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் திருப்பித் திட்டிவிட்டு ஆறியிருப்பாள்.

6

அந்தக் காலையை இனியும் தள்ளிப்போட முடியாது.

கேட் திறந்தபோதே பொழுது ஏறியிருந்தது. டிரைவர் ரஃபி ஜீப்பை விரட்டினான். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தோம். இடிந்த சுவருக்கு முந்திய வளைவில் பனி வெள்ளைச்சேலை மாதிரி… (இல்லை. பனி இருந்தது, அவ்வளவுதான்.) திரும்பியதும் பிரேக்கை மிதித்தான்.

நடுரோட்டில் ஒரு தாய்மாடு. எங்கள் ஜீப்பின் உயரம். மற்றவை ஏற்கனவே மேலே ஏறிப் புதருக்குள் நின்றன. அதன் கன்று இன்னும் கீழே. இடிந்த சுவரின் கல்மேல் முன்கால் இரண்டையும் தூக்கிவைத்து எக்குகிறது, பின்கால் மண்ணில் சறுக்குகிறது. மறுபடி எக்குகிறது. தாய் கன்றைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தது.

ரஃபி இன்ஜினை அணைத்தான்.

மேலே பாறையில் ஷர்மின் உட்கார்ந்திருந்தாள். அவள் ஜாடை காட்டமாட்டாள். "நான் கை காட்டுனா அது நீங்க எடுத்த முடிவு ஆகாதுக்கா" என்று முன்னமே சொல்லியிருந்தாள். இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு மதலேனாளையே பார்த்தாள்.

பின்னால் ஒரு ஜீப் வந்து ஒட்டி நின்றது. குச்சனூர் ஜீப். ஹாரன் அடித்தார்கள். தாய்மாடு தலையைத் தாழ்த்தியது. எங்கள் ஜீப்புக்குள் ஆளுக்கொரு சத்தம்.

"ஏலே ரஃபி, லேசா உறுமவிட்டு நகத்துலே!"

"நகத்துனா அது நம்ம மேலதான் வரும். இந்தப் பக்கம் பள்ளத்தப் பாத்தியா?"

"பள்ளத்தப் பாத்தா கங்காணி சோறு போடுவானா?"

"கொஞ்சம் பொறுங்கடி, அது ஏறிரும்."

"எப்ப?"

கன்று மறுபடி சறுக்கியது. ரஃபி சாவியில் கையை வைத்துக்கொண்டு, திரும்பாமல் மதலேனாளைக் கேட்டான்.

"அத்தே, போகவா? நிக்கவா?"

"என்னைய எதுக்குடா கேக்குற?"

"நீங்கதான சொன்னீக."

7

இங்கே வந்து பேனா நின்றுவிட்டது. ஷர்மின் சொன்னபடி ஓட்டிப் பார்த்தேன்.

முதல் ஓட்டம். "போடா" என்கிறாள் மதலேனாள். ஜீப் உறுமுகிறது. தாய் மேட்டுப் பக்கம் பாய்கிறது. சந்து கிடைத்ததும் கடந்துவிடுகிறோம், பின்னால் வந்த ஜீப்பும் ஒட்டிக்கொண்டே வருகிறது. வேலைக்கு நேரத்தோடு போய்ச்சேருகிறோம். கன்று

(இந்த வாக்கியத்தை எழுதி எழுதி அடித்தேன். தாள் கிழிந்துவிட்டது.)

இரண்டாவது. "நில்லுடா" என்கிறாள். நிற்கிறோம். கன்று ஏறிவிடுகிறது, தாய் அதை நக்கிக்கொடுக்கிறது. ஜீப்பே கைதட்டுகிறது. தட்டிய கையோடு தோட்டத்து வாசலில் இருந்து திரும்பி வருகிறோம். மறுநாள் விடியலில் எழுந்திருக்க யாருக்கும் வேலை இல்லை.

மூன்றாவது. நிற்கிறோம். கன்று ஏறுகிறது. விஷயத்தைக் கேட்டதும் கங்காணிக்கு மனம் இளகிவிடுகிறது. இதை வாசித்தபோது ஜீப்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள்.

"ராஜமணிக்கு மனசு எளகுச்சாக்கும்!" என்றாள் ஜக்கம்மா. "கதைன்னாலும் ஒரு நியாயம் வேண்டாமாடி?"

நாலாவது. நிற்கிறோம். நேரம் போகிறது. கன்று ஏறவில்லை. சறுக்குகிறது, எக்குகிறது, சறுக்குகிறது. இதுதான் எனக்கு அடிக்கடி வருகிறது. இதை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

8

அந்த ஜீப்பில் பின்னால் நானும் இருந்தேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

வீம்பு இல்லை. சொன்னதும் "ஓ, அப்படியா" என்று நீங்கள் ஜீப்பைவிட்டு இறங்கிவிடுவீர்கள். கன்று ஏறியது என்றால் சந்தோஷமாக இறங்குவீர்கள், இல்லை என்றால் உச்சுக்கொட்டிவிட்டு இறங்குவீர்கள். நாங்கள் அப்படி இறங்கமுடியாது. மறுநாள் வேறு மாடு, வேறு கன்று, அதே வளைவு.

மதலேனாள் இந்த எழுத்தைப் பற்றி ஒன்றுதான் கேட்டாள். "என்னைய நல்லவளா எழுதியிருக்கியா, கெட்டவளாவா?" தெரியவில்லை என்றேன். "எனக்கும் அதான்டி," என்றாள்.

அதனால் அவளைப் பின்னால் என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டேன். போதும் அவள் பட்டது. முன்சீட்டு காலியாக இருக்கிறது. ஏறிக்கொள்ளுங்கள். கதவு சரியாகச் சாத்தாது, கம்பியைப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

இன்ஜின் அணைந்திருக்கிறது. பின்னால் ஹாரன் நிற்கவில்லை. கன்றின் முன்கால்கள் கல்லின்மேல் இருக்கின்றன. தாய் உங்களைத்தான் பார்க்கிறது. பாறைமேல் இருக்கிற பெண்ணும் உங்களைத்தான் பார்க்கிறாள், ஆனால் ஜாடை காட்டமாட்டாள். மலைக்கு மேலே ராஜமணி வாசலில் நிற்கிறார். எங்கள் மூச்சு உங்கள் பிடரியில் படும், கோபித்துக்கொள்ளாதீர்கள், இடம் அவ்வளவுதான்.

ரஃபி சாவியில் கையை வைத்துக்கொண்டு கேட்கிறான்.

எம்புட்டு நேரம் நிப்பீக?

கக்கூஸை நினைத்துக்கொண்டு சொல்லாதீர்கள்.