தூக்குக்குண்டு ஆடி நிற்கும்வரை

சதாசிவத்துக்கு எதுவும் கோணலாக இருந்தால் ஆகாது. லண்டன் கிங்ஸ்பரி வீட்டில் சாமி படம் மாட்டுவதென்றால்கூட ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் ஆணி அடிப்பார். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, நகராட்சிக் கவுன்சிலில் கட்டட இன்ஜினியராக உட்கார்ந்துவிட்ட மனிதர். அந்தத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிளப்பில் காற்றுத் துப்பாக்கியால் தகர இலக்குகளைச் சுட்டுத் தள்ளுவார். அந்தக் கிளப்பில் தான் ஒருவர்தான் தமிழர் என்பதில் வேறு தனிப் பெருமை.

மனைவி வத்சலா யாழ்ப்பாணத்துக்காரி. அவளுடைய அக்கா தவமலர் அந்த வருடம், தொண்ணூற்றொன்றில், கோடை காலத்தில்தான் லண்டன் வந்து சேர்ந்தாள். தவமலரின் கணவரை ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அவ்வளவுதான், ஆள் திரும்பவில்லை. அக்கா வந்து இறங்கிய அன்றே வத்சலா புருஷனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, அக்கா இந்த வீட்டில இருக்குமட்டும் அந்தத் துவக்கு வெளியில வரப்படாது. இப்பிடி ஒண்டு இருக்கெண்டே அவவுக்குத் தெரியக்கூடாது."

"சரி சரி, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார் சதாசிவம். துப்பாக்கி மாடி அலமாரிக்குள் போனது.

தவமலர் தனியாக எங்கும் போகமாட்டாள். ரயிலில் டிக்கெட் பார்க்கிற ஆள் தொப்பியோடு வந்தாலே தங்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். வத்சலா விடவில்லை. எந்த ரயில், எங்கே மாற வேண்டும், எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று வாராவாரம் கூட்டிப்போய்ப் பழக்கினாள். அக்கா ஒரு நாள் தானாகப் போய்த் தானாக வந்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு இந்த ஊர் அவளுக்குப் பயமில்லை என்பது வத்சலாவின் நம்பிக்கை.

புரட்டாசிச் சனி வந்தது. சகோதரிகள் இருவரும் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்க விம்பிள்டன் கோயிலுக்குக் கிளம்பினார்கள். பூசை முடிந்து, சமையலுக்குக் கைகொடுத்து, சாப்பிட்டு வர மத்தியானம் தாண்டிவிடும். சதாசிவத்துக்குக் கை அரித்தது. மறுநாள் கிளப்பில் போட்டி. துப்பாக்கிமேல் பொருத்திக் குறிபார்க்கிற ஸ்கோப், புதிதாக வாங்கியது, பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அவர்கள் வருவதற்குள் பொருத்தி, எடுத்து வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

சாப்பாட்டு மேசையைச் சமையலறை வாசலுக்கு இழுத்தார். துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, அதன் முதுகில் சின்ன ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்தார். ஸ்கோப்புக்குள் தெரிகிற நெடுங்கோடு செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் தூரத்து இலக்குக்கு ஏற்றி வைக்கும்போது குண்டு பக்கவாட்டில் விலகிப் போகும். அதற்கு ஒத்துப்பார்க்க நேர்கோடு ஒன்று வேண்டுமே! அந்தப் பழைய வீட்டில் எந்தக் கதவு நிலையையும் சதாசிவம் நம்பமாட்டார். நடையின் கோடியில், முன்கதவுக்குச் சற்று இப்பால் இருந்த விளக்குக் கொக்கியில் வெள்ளை நூலைக் கட்டி, கொத்தனார் சுவர் பார்க்கிற தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். ஆக, துப்பாக்கி நேரே வாசலைப் பார்த்தது.

நூலும் கோடும் ஒன்றாகிவிட்டன. இனித் திருகுகளை முறுக்க வேண்டும். அங்கேதான் பொறுமை தேவை. ஒன்றை அதிகம் முறுக்கினால் ஸ்கோப் அந்தப் பக்கம் புரண்டுவிடும். கண்ணை எடுக்காமல், இடது கையால் ஸ்கோப் குழாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்.

முன்கதவு திறந்தது. காற்று உள்ளே வந்து நூல் ஆடியது. நூலுக்குப் பின்னால் மங்கலாக ஒரு சேலை.

வத்சலாதான் வந்துவிட்டாள் என்று நினைத்தார். அவள் நடந்தால் நூல் இன்னும் ஆடும். மாட்டிக்கொண்டோம் என்ற எரிச்சல் வேறு. "அசையாத! அப்படியே நில்லு!" என்று கத்தினார்.

சேலை நின்றது. அதன் இரண்டு பக்கமும் ஏதோ மேலே உயர்ந்தது. நேரம் காலம் தெரியாமல் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு முறுக்கினார்.

"பேர் தவமலர்... கோயிலுக்குப் போட்டு வாறன். தனியத்தான் வாறன். ஒருத்தரும் இல்லை" என்றது ஒரு தட்டையான குரல்.

குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கை கடைசித் திருகை முறுக்கி முடித்தது. அதன் பிறகுதான் நிமிர்ந்தார்.

தவமலர் இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றாள். ஒரு கையில் பழைய அடையாள அட்டை. அதை எப்போது பையிலிருந்து எடுத்தாளோ! காலடியில் பை கவிழ்ந்து, கோயில் திருநீறு தரையில் கொட்டியிருந்தது.

"அக்கா..." என்றார். மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி வருவதைப் பார்த்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் நடுவழியில் நின்றுவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கைகளை இறக்கினாள். "தம்பியே..." என்று சிரிக்கப் பார்த்தாள். "நான் ஒரு விசரி, கண்டதுக்கும் பயப்பிடுறன். வத்சலா அங்க சமைக்க நிண்டவள். நான் தனியப் போறன் எண்டு வெளிக்கிட்டு வந்தனான். வழியில ஒரு பிழையும் விடேல்லை." அட்டையை அவசரமாகப் பைக்குள் திணித்தாள். "தம்பி, நான் கையைத் தூக்கினதை அவளுக்குச் சொல்லாதேங்கோ. பாவம், கவலைப்படுவாள்."

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர். கூசிப்போய் நின்றது அவள். சதாசிவத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. "நான்தான் அக்கா... மன்னிச்சிடுங்க" என்றார். அது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தேத்தண்ணி போடுறன்" என்று அவள் சமையலறைக்கு நடந்தாள். துப்பாக்கிக் குழலுக்கு முன்னால் வராமல், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போனாள். அவர் துப்பாக்கியை வாரிக்கொண்டு திருடனைப் போல மாடிக்கு ஏறினார்.

வத்சலா வந்தபோது வாசலிலேயே ஆரவாரம். "அக்கா வந்திட்டாவோ? தனியவோ?" செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். சவுத்தாலில் இருந்த சிநேகிதி கிரிஜாவுக்குப் போன் போட்டாள். "ஓமடி, ரெண்டு ரயில் மாறி! இனி என்ர அக்காவுக்கு ஒரு பயமும் இல்லை!" தவமலர் பக்கத்தில் நின்று தலையாட்டிச் சிரித்தாள். வத்சலா போனை வைத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "அக்கா உள்ளுக்கு வரேக்க முகம் எப்பிடி இருந்தது? நீங்கள்தானே பாத்தனீங்கள், சொல்லுங்கோவன்!"

தவமலர் அவரைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றோடு போயிருக்கும். அவரால் முடியவில்லை.

"துப்பாக்கிய வெளிய எடுத்தேன், வத்சலா. கதவப் பாத்து வச்சிருந்தேன். அக்கா உள்ள வந்தப்ப நீன்னு நினைச்சு, அசையாதன்னு கத்துனேன். அக்கா கையத் தூக்கிட்டாங்க. அக்கான்னு தெரிஞ்ச பிறகும் திருகாணிய முறுக்கி முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சேன்."

வத்சலா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ அக்காவின் முகத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தவமலர் தங்கையின் தோளில் கை வைத்தாள். "விடு வத்சலா. அவரை ஏசாதை. நல்ல மனுசன். அவர் சுடேல்லைத்தானே."

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்காகப் பரிந்துதான் சொன்னாள். சதாசிவத்தால் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. அந்த வீட்டில் வேறு எங்கே போவதென்றும் தெரியவில்லை.