ஒரே தீக்கு ஐந்து மதிப்பெண்கள்

தொலைக்காட்சித் தொடர் குட்டி போடும் என்பதை நான் பணி ஓய்வு பெற்ற பிறகுதான் அறிந்தேன்.

ஒரு மாளிகைக் குடும்பத்தின் கதை ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் துரோகம் செய்ய ஒருவரும், நினைவு தப்ப ஒருவரும் மிச்சமில்லை என்ற நிலை வந்தபோது, தயாரிப்பாளர் மாளிகைக்குத் தீ வைத்துக் கதையை முடித்தார். முடித்தார் என்று நாம் நினைத்தோம். தீயில் தப்பியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனித்தொடர் கிடைத்தது. வில்லிக்கு ஒன்று, குடும்ப வக்கீலுக்கு ஒன்று, சமையற்காரருக்கு ஒன்று, வாயிற்காவலருக்கு ஒன்று, வீட்டு நாய்க்கு ஒன்று. தீயில் இறந்தவர்களோடும் பேச்சுவார்த்தை நடப்பதாகக் கேள்வி. இவற்றைத் தொலைக்காட்சிக்காரர்கள் ஸ்பின்-ஆஃப் என்கிறார்கள். கிளைத்தொடர் என்பது என் மொழிபெயர்ப்பு. மரத்துக்கு மட்டும் இதில் மனவருத்தம் இருக்கலாம்.

கிளைத்தொடர்களில் சிறந்த அத்தியாயத்துக்குச் சின்னத்திரைச் சங்கம் ஆண்டுதோறும் விருது வழங்குகிறது. நடுவர்களில் ஒருவர் துறைக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது சங்கத்தின் விதி. சங்கச் செயலாளர் என்னிடம் படித்தவர். அவருடைய கட்டுரைகளை நான் சிவப்பு மையால் நனைத்ததற்குப் பழிதீர்க்க இதைவிடப் பொருத்தமான வழி அவருக்குக் கிடைத்திருக்காது. 'மொழியறிஞர்' என்று ஒரு பட்டத்தையும் சூட்டி என்னை அழைத்தார்.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்காததற்குக் காரணம் என் மைத்துனன்.

என் மனைவியின் தம்பி முப்பது ஆண்டுகளாக நடிகன். நடிகன் என்றால், கதாநாயகன் பேசும்போது பின்னால் மங்கலாகத் தெரிபவன். மாளிகைத் தொடரில் அவனுக்குக் கிடைத்தது வாயிற்காவலர் வேடம். காருக்குக் கதவு திறப்பது, கார் போனபின் சாத்துவது. மாளிகை எரிந்த நாளில் அவன் வாசலில் நின்றதால் தப்பினான். தப்பியதால் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு தொடருக்கு நாயகனானான். இந்த நேரம் பார்த்துத் தொலைக்காட்சி நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விருது பெறும் கிளைத்தொடர் மட்டுமே தொடரும். மற்ற நான்கும் இந்த மாதத்தோடு முடியும்.

"என் தம்பி நெஞ்சை நிமித்தி நடக்குறதை இப்பதான் பாக்குறேன்," என்றாள் மனைவி. "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். கெடுக்காம இருந்தாப் போதும்."

நடுவர் கூட்டம் சங்கத்தின் முன்னோட்ட அறையில் நடந்தது. சன்னல்களில் கறுப்புத் திரை, நீள மேசை, மேசை நிறைய பிஸ்கட்டு, மூலையில் சொட்டுகிற குளிர்சாதனப் பெட்டி, சொட்டுக்குக் கீழே ஒரு வாளி. தலைவர் முன்னாள் தயாரிப்பாளர். அவருக்கு வலப்புறம், ஒரு காலத்தில் இரண்டு படங்கள் ஓடிய இயக்குநர். இடப்புறம், நாட்டிலுள்ள கதாநாயகர்களுக்கெல்லாம் தாயாக நடித்து முடித்த நடிகை. அவருக்கு அடுத்து, இரண்டு கைப்பேசிகளை மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருந்த விளம்பர நிறுவனத்துக்காரர். கடைசியில் நான்.

எடுத்த எடுப்பிலேயே எழுந்து, காவலர் தொடரின் நாயகன் என் மைத்துனன் என்று அறிவித்தேன்.

தலைவர் பிஸ்கட்டைக் கடித்தபடி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உக்காருங்க சார். வக்கீல் தொடரை எடுத்தது என் மருமகன். நம்ம நடிகையம்மாவோட அக்கா பொண்ணுதான் அந்த வில்லி. இதையெல்லாம் யாராவது கேட்டாங்களா? சொந்தக்காரங்க எல்லாம் வெளிய போகணும்னா அந்த வாளி மட்டும்தான் உள்ள இருக்கும்."

"நான் காவலர் தொடருக்கு மட்டும் மதிப்பெண் இடமாட்டேன். அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும்."

"உங்க இஷ்டம். மத்த நாலு பேர் போடுறதுக்குச் சராசரி எடுத்துக்கலாம்," என்று முடித்தார்.

ஐந்து அத்தியாயங்களையும் சங்கம் முன்கூட்டியே அனைவருக்கும் அனுப்பியிருந்தது. நான் அவற்றை வீட்டில் முதலிலிருந்து கடைசி வரை பார்த்திருந்தேன். விடைத்தாளை முதல் பக்கத்தோடு மூடிவைக்கும் வழக்கம் எனக்கு இல்லை. மற்றவர்களும் அவ்வாறே பார்த்திருப்பார்கள், இந்த அறையில் நடப்பது ஒரு மீள்பார்வை என்று நான் நம்பினேன். உலகத்தைப் பற்றிய என் நம்பிக்கைகள் பெரும்பாலும் இந்தத் தரத்தில்தான் இருக்கும்.

விளக்கு அணைந்தது. வக்கீல் தொடர் தொடங்கியது. மாளிகை எரிந்தது. அலறினார்கள், ஓடினார்கள், உத்தரம் சரிந்தது. பிறகு தலைப்புப் பாடல். பிறகு வழங்குபவர்கள், உடன் வழங்குபவர்கள், இணைந்து வழங்குபவர்கள். தலைவர் ஒரு விரலை உயர்த்தினார். ஆபரேட்டர் படத்தை நிறுத்தினார்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"பத்து நிமிஷம் போதும் சார். அதுதான் எங்க வழக்கம். சரக்கு இருக்கா இல்லையான்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

"நெருப்பு எடுபடல," என்றார் இயக்குநர். "எரியுது, ஆனா சுடல. நாலு."

"அலறல்ல தாய்மை இல்ல," என்று நடிகையும் நான்கு போட்டார்.

தலைவருடைய மருமகன் எடுத்த தொடர் என்பதால் தலைவர் மட்டும் எட்டுப் போட்டார். விளம்பரக்காரர் கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமல் ஐந்து என்றார்.

அடுத்தது சமையற்காரர். மாளிகை எரிந்தது. அடுத்தது வில்லி. மாளிகை எரிந்தது. நாய்த் தொடரிலும் எரிந்தது. அலறியவர்கள் அவர்களே, சரிந்த உத்தரமும் அதுவே. எல்லாக் கிளைத்தொடர்களும் முன்கதை என்ற பெயரில் மூலத்தொடரின் ஒரே காட்சியை ஒட்டிக்கொண்டு தொடங்குகின்றன. ஒட்டியது தெரியாமலிருக்க ஒவ்வொன்றும் அதன்மேல் ஒரு சாயம் பூசியிருந்தது. வக்கீலுக்கு நீலம், சமையற்காரருக்குப் பழுப்பு, வில்லிக்குச் சிவப்பு. நாய்க்குக் கறுப்பு வெள்ளை. நாயின் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சமையற்காரரின் தீ சுமார் என்றும், வில்லியின் தீயில் ஆவேசம் இருந்தாலும் நிதானம் இல்லை என்றும், நாயின் தீ செயற்கை என்றும் தீர்ப்பாயிற்று. நான்கு நடுவர்களும் ஒரே தீக்கு நான்கு முறை மதிப்பெண் இட்டார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பகலுணவுக்குப் பின் காவலர் தொடர். அதன் தயாரிப்பில் சாயம் பூசப் பணமில்லை. தீ தன் சொந்த நிறத்தில் எரிந்தது.

இயக்குநர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இது! இதுதான் நெருப்பு! அந்த நாலு பேரும் இவன்கிட்ட வந்து கத்துக்கணும்."

"அந்த அலறலைக் கேட்டீங்களா? தாய்மைன்னா இதுதான்," என்று நடிகை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்பது, ஒன்பது, எட்டு. விளம்பரக்காரரும் இரு கைப்பேசிகளையும் கவிழ்த்துவைத்து ஒன்பது போட்டார். தலைவர் கூட்டினார், வகுத்தார், அறிவித்தார். காவலர் தொடருக்கே விருது. சார் வீட்டுக்குப் போனால் இன்றைக்கு ராஜ உபசாரம்தான் என்று என் முதுகில் தட்டவும் செய்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். மதிப்பெண் இட்டவன் நான் அல்லன். உறவை மறைத்தவனும் அல்லன். என் மைத்துனன் நெஞ்சை நிமிர்த்தி இன்னும் ஓராண்டு நடந்திருப்பான். ஆனால் சரியான விடைக்கு மதிப்பெண் கிடைக்காமல் போவதையாவது நான் பொறுத்துக்கொள்வேன். எழுதாத விடைக்கு மதிப்பெண் விழுவதைப் பொறுக்க என் உடம்பில் இடமில்லை. இந்த நோய்க்கு ஓய்வூதியத்தில் மருத்துவப்படி கிடையாது.

"ஐயா, நீங்கள் ஒன்பது போட்டது மூலத்தொடரின் காட்சிக்கு. நான்கு போட்டதும் அதே காட்சிக்குத்தான். காலையிலிருந்து நாம் ஒரே வீட்டை ஐந்து முறை எரித்திருக்கிறோம்."

இயக்குநர் திரையையும் ஆபரேட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படி இருக்காது," என்றார் இயக்குநர்.

ஆபரேட்டர் மெல்ல இருமினார். "இருக்கு சார். போன வருஷமும் இதேதான் இருந்துச்சு. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

"வெளிய சொல்லிடாதீங்கப்பா," என்றார் நடிகை. நான் சொல்வதற்கென்று வெளியே யாரும் காத்திருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் இப்போது பரிதாபம் இல்லை. "சார், உங்க மச்சான்தானே ஜெயிச்சார்? புரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"புரிந்துதான் பேசுகிறேன்."

வேறு வழியில்லாமல் ஐந்து அத்தியாயங்களையும் முழுமையாகப் பார்த்தார்கள். நடுவர்கள் தாம் தீர்ப்பளிக்கும் பொருளைப் பார்த்தது சங்க வரலாற்றில் புதுமையாம். விளம்பரக்காரர் தம் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் விடுப்புச் சொன்னார்.

வக்கீல் தொடரில் நீதிமன்றம் ஒன்று வந்தது. அதில் சட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. சமையற்காரர் அத்தியாயம் முழுவதும் வெங்காயம் நறுக்காமலே அழுதார். வில்லி கண்ணாடி முன்னால் நின்று தன்னோடு பேசினாள். கண்ணாடி எப்படிப் பொறுத்துக்கொண்டது என்று தெரியவில்லை. நாய் எரிந்த மாளிகையின் சாம்பலில் தன் எசமானின் செருப்பைத் தேடியது. அது நன்றாகத்தான் தேடியது. நான் அதற்கு எட்டுப் போட்டிருந்தேன். ஐந்து தொடர்களிலும் வழுவின்றிப் பேசியது அது ஒன்றுதான்.

கடைசியில் காவலர். எரிந்து கூரையற்றுப்போன மாளிகைக்கு அவன் இன்னமும் காவல் இருக்கிறான். காக்க ஒன்றுமில்லை, போகச் சொல்லவும் ஆளில்லை. நிலத்தை வாங்க வந்தவன் கதவைத் திறக்கச் சொல்கிறான். முதலாளியைக் கேட்டுச் சொல்வதாக இவன் சொல்கிறான். முதலாளி தீயில் இறந்துவிட்டார் என்பது இருவருக்கும் தெரியும். அத்தியாயம் அவ்வளவுதான்.

விளக்கு எரிந்த பிறகும் சற்று நேரம் ஒருவரும் பிஸ்கட்டை எடுக்கவில்லை.

"முப்பது வருஷமா இந்த ஆளை எங்கே வெச்சிருந்தாங்க?" என்று நடிகை கேட்டார்.

"எல்லாம் சரி மேடம், இதுல சோப்பை எங்க விக்கிறது? ஆள் அசையவே மாட்டேங்குறாரு," என்றார் விளம்பரக்காரர்.

மறுபடி மதிப்பெண், மறுபடி சராசரி. கால் மதிப்பெண் வேறுபாட்டில் நாய் வென்றது.

வீட்டுக்குள் நுழையும்போதே செய்தி எனக்கு முந்தி வந்திருந்தது. மைத்துனன் கூடத்து நாற்காலியில் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"ஜெயிச்சதை வாயால கெடுத்தீங்களாமே?"

"அது அவன் வென்றதில்லை. தீ வென்றது."

"நாய்க்கு நீங்க எட்டு போட்டீங்களா?"

"போட்டேன். நன்றாக நடித்திருந்தது."

"என் தம்பிக்குப் போட மாட்டேன்னீங்க, சரி. அந்த நாயாவது உங்களுக்கு என்னங்க உறவு? ஒண்ணு ரெண்டு குறைச்சிருந்தா அது வந்து கடிச்சிருக்குமா?"

"விடுக்கா," என்றான் மைத்துனன். பிறகு என்னைப் பார்த்து, "அத்தான், ஒண்ணு கேக்கட்டுமா? கடைசி வரைக்கும் பாத்தாங்களா?"

"பார்த்தார்கள்."

"நாலு பேருமா? எந்திரிச்சுப் போகாம?"

"ஒருவரும் அசையவில்லை. அந்தத் தாய் நடிகை உன்னைப் பற்றி விசாரித்தார்."

"நான் முதலாளியைக் கேக்கணும்னு சொல்ற இடத்துல சிரிச்சாங்களா?"

"இல்லை."

"நல்லவேளை. ஷூட்டிங்ல எல்லாரும் சிரிச்சாங்க." கைகளை வெளியே எடுத்துக்கொண்டான். "எங்க டைரக்டரே முழுசாப் பாத்ததில்ல, அத்தான். அக்காவும் பாதியில தூங்கிடுவா."

"நான் எங்கடா தூங்கினேன்? கண்ணை மூடிக் கேட்டுட்டிருந்தேன்."

"சரி, நீங்க போட்டிருந்தா எவ்வளவு போட்டிருப்பீங்க?"

மனைவி என்னை முறைத்தாள். அந்த முறைப்புக்குப் பொருள், குறைத்துச் சொல்லாதே என்பதா, கூட்டிச் சொல்லாதே என்பதா, எனக்கு விளங்கவில்லை. எப்படியும் மதிப்பெண்ணில் நான் பொய் சொன்னதில்லை.

"ஒன்பதரை."

"பத்துக்கா?"

"பின்னே நூற்றுக்கா?"

மனைவி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். உறவைச் சொல்லாமல் உட்கார்ந்து, அந்த ஒன்பதரையைக் கட்டத்தில் எழுதியிருந்தால் விருது யாருக்கு என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்று எனக்குக் காப்பி கிடைக்காது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு தேவையில்லை.

மைத்துனனுக்கும் அந்தக் கணக்கு புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் அங்கே நிற்கவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மேக்கப்காரர், லைட்மேன், வண்டி ஓட்டுபவர் என்று ஒவ்வொருவராக அழைத்தான்.

"ஒன்பதரைண்ணே! எங்க அத்தான். அவரு வாத்தியாரு, யாருக்கும் எட்டுக்கு மேல போட்டதே கிடையாதாம். ஆமா, நாய்க்கு எட்டுதான்!"

இந்த மாதத்தோடு வேலை முடிகிறது என்பதை அவர்களுக்கு அவன் எப்போது சொன்னான் என்று எனக்குத் தெரியாது. மதிப்பெண்ணைத்தான் முதலில் சொன்னான்.