கிள்ளாமல் விட்ட கொழுந்து

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடு ஒன்றில் புஷ்பவதி என்று ஒருத்தி இருக்கிறாள். முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்துவிட்டுப் போன வருடம்தான் கூடையை இறக்கி வைத்தாள். கூடையை இறக்கினாளே தவிர, கை சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளவில்லை. செல்லங்களே, இது அந்தக் கையைப் பற்றிய கதை. கையை மறந்துவிடாமல் கேளுங்கள்.

சனிக்கிழமைகளில் தன் தோட்டத்துக் கீரை, செவ்வந்தி, குரோட்டன் கொப்பு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அவள் மாத்தளைக்கு பஸ் ஏறுவாள். குரோட்டன் கொப்புகளை வழக்கமாக வாங்குகிறவர் நுஸ்ரா மிஸ். கணவரின் கார் வியாபாரத்தோடு பதினொரு வருடம் ஜப்பானில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே கற்ற பூ அலங்காரத்தை, இக்கெபானா என்பார்கள், தன் வீட்டு போர்ட்டிகோவில் ஏழெட்டுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கொப்பைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்து நின்ற புஷ்பவதிக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ், அந்த அம்மா கொப்ப நசுக்கி வெட்டுறாங்க. ஒரே வெட்டா, சரிச்சு வெட்டச் சொல்லுங்க. தேயிலையக் கவ்வாத்து வெட்டுறப்ப அப்பிடித்தான் வெட்டுவோம்."

நுஸ்ரா மிஸ் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. வாரா வாரம் எல்லாருக்கும் கொப்பு கொண்டு வாங்க. அதுதான் உங்கட ஃபீஸ்."

அன்று உட்கார்ந்தவள்தான்.

அந்தக் கலைக்கு மூன்று கொப்பு போதும். உயரமாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, காலடியில் குட்டையாக ஒன்று. அவற்றுக்கு ஜப்பானியப் பெயர்கள் உண்டு. அவை புஷ்பவதியின் நாக்கில் நிற்கவில்லை.

"நெட்டையா நிக்கிறது தொர. சாஞ்சு நிக்கிறது கணக்கப்பிள்ள. காலடியில குட்டையா இருக்கிறது நாங்க."

துரை தோட்டத்து மேலாளர், கணக்கப்பிள்ளை மலையில் வேலை வாங்குகிறவர், செல்லங்களே. வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த ஜுனைதா டீச்சர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வாரத்திலிருந்து நுஸ்ரா மிஸ்ஸே "தொரையக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ங்க" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

வகுப்பில் கொப்பைக் குத்தி நிறுத்த முள் பதித்த கனமான பித்தளைக் கட்டை இருந்தது. வீட்டில் அதற்கு எங்கே போவது? புஷ்பவதி வாழை மரத்தை வட்டமாக அரிந்து தட்டில் வைத்து, அதில் குத்திப் பழகினாள். கோழிக்கூட்டின் மேல் ஒன்று, மண்ணெண்ணெய் கேனின் மேல் ஒன்று என்று லயத்து அறை முழுக்கத் துரைமார் நின்றார்கள்.

புருசன் சிவலிங்கத்துக்கு இது பிடிபடவில்லை. "மூணு கொப்பு நட்டு வைக்க மாத்தளைக்குப் போகணுமா? நம்ம வேலியில முந்நூறு நிக்குது."

உண்மையில் அவனுடைய வருத்தம் கொப்பு இல்லை. சனிக்கிழமை மத்தியானச் சோறு. காலையில் ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போன ஆறின சோற்றை அவன் பத்து மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வகுப்பின் கண்காட்சி வந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரிய டீச்சர் வந்து ஒவ்வொருவருடைய அலங்காரத்தையும் பார்த்து முதலாம் படிச் சான்றிதழ் கொடுப்பாராம். கடையில் வாங்கிய பூ கூடாது. எல்லாம் அவரவர் தோட்டத்திலிருந்து வர வேண்டும். சிவலிங்கம் இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டான்.

"நீ அந்த சர்டிபிகட்ட வாங்கு. சனிக்கிழம சோறு நான் ஆக்குறேன். வாங்கலேன்னா வகுப்பு போதும். வீட்டுல இரு."

"சரி," என்று சொல்லிவிட்டாள் புஷ்பவதி. ரோசத்தில் சொன்ன சொல். மற்ற ஆறு நாளும் அவளுக்கு அந்த ஏழாவது நாளுக்காகத்தான் விடிந்துகொண்டிருந்தது.

அவள் வேலியோரத்தில் ஒரு தேயிலை நின்றது. ரோடு வெட்டியபோது மலையிலிருந்து தனியாகப் பிரிந்துபோன ஒற்றைச் செடி. கவ்வாத்துக் கத்தி படாமல் மரமாகவே வளர்ந்து, ஒரு கொப்பை மட்டும் வளைத்து நீட்டிக்கொண்டிருந்தது. அதன் படத்தை ஃபோனில் பார்த்த நுஸ்ரா மிஸ், "இதுதான் உங்கட தொர!" என்று கத்தியே விட்டார். "நுனிக் கொழுந்து பத்திரம். வானத்தப் பாத்துக்கிட்டு ஈக்கிற அந்த நுனியிலதான் உசிரே ஈக்கி."

இங்கேதான் கை வந்து குறுக்கே நின்றது. பைப்படிக்குப் போகும்போது ஒரு கிள்ளு, வரும்போது ஒரு கிள்ளு. கிள்ளிய பிறகுதான் அவளுக்கே தெரியும். கொழுந்து தளிர்ப்பதும் இவள் கிள்ளுவதுமாக சில வாரம் போனது. கடைசியில் பழைய சேலையில் சிவப்பாக ஒரு கிழிசல் எடுத்து அந்தக் கொப்பில் கட்டினாள், கண்ணில் பட்டுக் கையைத் தடுக்கட்டும் என்று.

மூன்றாம் நாள் காலை பார்த்தால் மரத்தடியில் சூடம் எரிந்திருந்தது. ஐந்தாம் நாள் மஞ்சள், குங்குமம், ஒரு தேசிக்காய், எலுமிச்சைதான். சிவப்புத் துணி கட்டியிருக்கிறதே, ஏதோ நேர்த்தி என்று லயத்தில் யாரோ நினைத்துவிட்டார்கள். சிவலிங்கமே ஒரு தடவை போகிற போக்கில் கன்னத்தில் போட்டுக்கொண்டதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்படிக்குள் ஓடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் ஒன்று, அதற்குப் பிறகு அந்தக் கொப்பை யாரும் தொடவில்லை. அவள் கையும் அடங்கியது. மூன்று கொழுந்துகள் முளைத்து நீண்டு வானத்தைப் பார்த்தன.

கண்காட்சியன்று காலை மாத்தளை மண்டபத்தில் துரையை நிறுத்தினாள். பக்கத்தில் கணக்கப்பிள்ளை, அது குரோட்டன். காலடியில் இரண்டு செம்பருத்தி. நுஸ்ரா மிஸ் தூரத்திலிருந்தே பார்த்துத் தலையாட்டினார். சிவலிங்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

புஷ்பவதி கிண்ணத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, எல்கடுவ பஸ்ஸிலிருந்து இலட்சுமியும் இன்னும் ஐந்து பெண்களும் வந்து இறங்கினார்கள். இருபது வருடம் அவளுக்குப் பக்கத்து நிரைகளில் கொழுந்து பறித்தவர்கள். ஆறு பேரும் அலங்காரத்தைச் சுற்றி நின்றார்கள்.

"அடி ஆத்தி, எம்புட்டு அழகா வச்சிருக்கா!" என்று இலட்சுமியின் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கை வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று கொழுந்தும் போயிற்று. முத்தல் இலை நாலைந்தும் கூடவே போயிற்று. பிடி நிறைந்ததும், காலாகாலப் பழக்கத்தில், தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினாள்.

பின்னால் கூடை ஏது? ஜுனைதா டீச்சரின் அந்தூரியக் கிண்ணம்தான் இருந்தது.

"யா அல்லாஹ்! மேலேருந்து என்னமோ விழுகுதே!"

தண்ணீரோடு வந்த புஷ்பவதி அப்படியே நின்றுவிட்டாள். "அடிப்பாவி! தொரையோட தலையக் கிள்ளிட்டியேடி!"

"நான் எங்கடி கிள்ளுனேன்?" இலட்சுமி தன் விரல்களை யாருடையவோ போலப் பார்த்தாள். "கைதான்டி..."

"ஐயையோ, பூ வேற தெரியுது. மறைடி, மறை!" என்றாள் இன்னொருத்தி.

உங்களுக்குத் தெரிந்திருக்காது, கண்ணுகளா. தேயிலை மலையில் பூ என்பது வெட்கக்கேடு. பூ பூத்தால் அந்த நிரையை ஒழுங்காகப் பறிக்கவில்லை என்று அர்த்தம். கணக்கப்பிள்ளை ஏசுவார். மறைத்திருந்த இலைகள் போனதும், இங்கே ஒரு பூ வெளியே வந்துவிட்டது.

சிவலிங்கம் எழுந்து வந்தான். ஏதோ கேலி சொல்லத்தான் வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த தண்ணீரை வாங்கிக் கிண்ணத்தில் ஊற்றினான்.

கொழும்பு டீச்சர் மூன்றாவது மேசைக்கு வந்துவிட்டார். நாலாவது ஜுனைதா டீச்சர். ஐந்தாவது புஷ்பவதி.

"நீங்க வேலையப் பாருங்க," என்றார் ஜுனைதா டீச்சர். "அவங்கள நான் புடிச்சு வைக்கிறன். முப்பது வருசம் பாடம் நடத்தினவ, பத்து நிமிசம் பேச மாட்டனா?"

புஷ்பவதி துரையின் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் அழுகைதான் வந்தது. அப்புறம் பார்த்தாள். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பூ. முப்பத்தொரு வருடமாக எத்தனையோ பார்த்திருந்தாள். எல்லாம் ஒடித்துக் கீழே போடுவதற்காகப் பார்த்தவை.

செம்பருத்தி இரண்டையும் பிடுங்கினாள். அந்தச் சிவப்புக்கு முன்னால் இந்த வெள்ளை நிற்காது. "இந்தா, புடி. கை சும்மா இருக்கக் கூடாதுல்ல," என்று இலட்சுமியின் இரண்டு கையிலும் திணித்தாள். கொப்புகளோடு கட்டி வந்திருந்த குட்டையான பன்ன இலை ஒன்றை, அவள் வேலியில் முளைத்ததுதான், காலடியில் வைத்தாள். கிள்ளிய நுனிகளைச் சரிவாக ஒரே வெட்டாகச் சீவினாள். கொப்பை மெல்லத் திருப்பினாள். பூ முன்னால் வந்தது.

அவ்வளவுதான். நேரமும் அவ்வளவுதான்.

கொழும்பு டீச்சர் குனிந்து பார்த்தார். இது என்ன பூ என்று சிங்களத்தில் கேட்டார்.

"தே மல், மேடம்," என்றாள் புஷ்பவதி.

தேயிலைப் பூவா! அந்த அம்மா நிமிரவே இல்லை. நாளுக்கு ஐந்து கோப்பை குடிக்கிறேன், ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லையே என்றார். பிறகு, நுனியை ஏன் இப்படி விட்டாய் என்று கேட்டார்.

புஷ்பவதிக்குப் பொய் சொல்ல வரவில்லை. நாங்கள் கொழுந்து பறிக்கிறவர்கள், மேடம், எங்கள் கை கிள்ளிவிட்டது, என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். அந்த அம்மா ஏறிட்டுப் பார்த்தார். ஆறு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஐந்து பேர் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். ஒருத்தி கைக்கொரு செம்பருத்தியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சான்றிதழில் அவள் பெயரை எழுதினார். இரண்டாவது கொப்பு மட்டும் விறைப்பாக நிற்கிறது, இன்னும் சாய வேண்டும் என்றார்.

"கணக்கப்பிள்ள எப்பவும் அப்பிடித்தான்," என்று புஷ்பவதி தமிழில் முணுமுணுத்தாள்.

திரும்பிப் போகும்போது அவர் ஜுனைதா டீச்சரின் கிண்ணத்தைக் காட்டி, அந்தத் தண்ணீரில் மிதக்கிற கொழுந்து நன்றாயிருக்கிறது, வேண்டுமென்றே வைத்ததா என்று கேட்டார். "ஓம் மேடம், ரொம்ப யோசிச்சு வச்சது," என்றார் ஜுனைதா டீச்சர், கண்ணை இமைக்காமல்.

திரும்பும் பஸ்ஸில் புஷ்பவதி சான்றிதழை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்திருந்தாள். உக்குவளை தாண்டியதும் சிவலிங்கம் மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தான்.

"ஒரு சுண்டு அரிசிக்கு எம்புட்டுத் தண்ணி ஊத்தணும்?"

பின் சீட்டுகளிலிருந்து ஆறு பெண்களும் ஆறு அளவு சொன்னார்கள். கண்டக்டர்கூடத் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். புஷ்பவதி மட்டும் சான்றிதழின் ஓரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அவளுக்கு வகுப்பு.