இருட்டு ஸ்தாமெனின் அடக்கம்

சவப்பெட்டியின் நாலாவது மூலையைப் பிடிக்க ஆளில்லாததால், பாதிரியார் அனானி தன் கறுப்பு அங்கியை முழங்கால்வரை சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். வண்டி ஓட்டி வந்தவன் சட்டையைத் தூக்கி பெல்ட்டைக் காட்டி, இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக முன்கூட்டியே விலகிக்கொண்டான். இரண்டு மூலைகள் குழிவெட்டிகளுக்கு. மிச்சமிருந்த ஒன்று ஒக்னியானுக்கு. பெட்டிக்குள் இருந்தது அவன் அப்பா.

சிற்றாலய வாசலில் பெட்டியை இறக்கியபோது மணி பன்னிரண்டு, அடக்கத்துக்குக் குறித்த நேரம். வந்திருந்த கூட்டம்: அம்மா.

மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே வரும் வழியெல்லாம் அம்மா ரத்கா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். யாராவது வருவாங்களாடா? வருவாங்கம்மா என்று அவனும் ஒவ்வொரு தடவையும் சொன்னான். அத்தை ஸ்பெயினில் ஆரஞ்சு பறித்துக்கொண்டிருந்தாள், லீவு கிடைக்கவில்லை. ஊர்க்காரர்கள்தான் வர வேண்டும். அப்பா ஸ்தாமெனுக்கு முப்பத்தோரு வருஷம் மின்சாரக் கம்பெனியில் ஃபியூஸ் பிடுங்கும் வேலை. கட்டணம் கட்டாத வீட்டின் வாசலுக்குப் போய், மீட்டர் பெட்டியைத் திறந்து, வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு வருவார். ஊருக்குச் சோறு போட்ட சுரங்கம் மூடிய பிறகு அவர் போகாத தெரு ஊரில் இல்லை. இருட்டு ஸ்தாமென் என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒக்னியானுக்கும் அந்தப் பெயரில் பாதி வந்து சேர்ந்தது: குட்டி இருட்டு.

பாதிரியாருக்கு ஒன்றரை மணிக்குப் பக்கத்து ஊரில் ஞானஸ்நானம். அரை மணி நேரம் பார்க்கலாம் என்றார். எல்லோரும் சுவரோரம் இருந்த பெஞ்சில், வெயில் பட்ட பக்கமாக உட்கார்ந்தார்கள். சும்மா உட்கார்ந்தால் வாசலையே பார்க்க வேண்டியிருந்தது. அதனால் பேச ஆரம்பித்தார்கள். ஆறு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒரு பிணம்தான். அதைப் பற்றிப் பேசவும் முடியாது. வேலையைப் பற்றிப் பேசினார்கள்.

பாதிரியார், இருபது வருஷமாக அடக்கத்துக்கு ஓதி ஓதித் தன் குரல் அப்படியே படிந்துவிட்டது என்றார். கல்யாணத்தில் ஓதினால் பெண்ணின் அம்மா கர்ச்சீப்பை எடுத்துவிடுகிறாளாம். வீட்டில் உப்பு கேட்டால்கூட யாரோ போய்விட்ட மாதிரி இருக்கிறது என்று மனைவி குறைப்படுகிறாளாம்.

குழிவெட்டிகளில் மூத்தவரான மெத்தோதி, தன் வீட்டில் தோட்டம் போடுவதில்லை என்றார். தக்காளி நாற்று வைக்கலாம் என்று மண்ணைக் கிளறினால் கை அது பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கிறதாம். நிமிர்ந்து பார்த்தால் இடுப்பளவு பள்ளம். மனைவி தக்காளியைக் கடையில் வாங்குகிறாள்.

ஒக்னியான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். ஊரில் யார் செத்தாலும், கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் மரத்திலும் ஒட்டுகிற கறுப்புக் கட்டம் போட்ட நோட்டீஸ் அவன் கடையில்தான் அடிக்க வேண்டும். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறு மாசத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. இப்போதெல்லாம் பஸ்ஸில் எதிரே உட்காருகிறவர்களின் தலையைச் சுற்றிக் கட்டம் தெரிகிறது என்றான். இந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகம், இந்தக் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்று மனசு திருத்திக்கொண்டே இருக்கும். ஒருமுறை காதலித்த பெண்ணிடம், உனக்குப் பக்கவாட்டுப் படம் நன்றாக வரும் என்றான். எதற்கு என்று கேட்டாள். உண்மையைச் சொல்லித் தொலைத்தான். அத்தோடு சரி.

மெத்தோதி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வாசலில் ஒரு நாய் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"அவருக்கும் வேலை ஒட்டிக்கிச்சு," என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். "யார் வீட்டுக் கதவையும் தட்ட மாட்டார். என் தங்கச்சி வீட்டுக்குப் போனாலும் வெளிய நின்னு இருமிக்கிட்டே இருப்பார். எனக்கு மானம் போகும்."

மெத்தோதி சிகரெட்டை ஷூவில் அணைத்தார்.

"எங்க வீட்லயும் ரெண்டு தடவை புடுங்கினாருக்கா. அந்த இருமலு எனக்குத் தெரியும். அது கேட்டதும் எங்கம்மா ஓடிப்போயி வாஷிங் மெஷினைப் போட்டுடும். நாங்க இருக்கிற செல்போனையெல்லாம் சார்ஜுல சொருகிடுவோம். மெஷினு நிக்கிற வரைக்கும் மனுஷன் வெளிய இருமிக்கிட்டே நிப்பாரு. ஒரு தடவை பனியில முக்கா மணி நேரம்."

"அவருக்கு ஆஸ்துமா இல்லையே," என்றாள் அம்மா.

"இல்லக்கா."



பன்னிரண்டரை தாண்டிப் பத்து நிமிஷம் ஆனதும் பாதிரியார் எழுந்தார். ஓதினார். பெட்டியின் மேல் ஒயினை ஊற்றினார். பெட்டி இறங்கியது. அம்மா ஒரு பிடி மண் போட்டாள், ஒக்னியான் ஒரு பிடி போட்டான். மீதியைக் குழிவெட்டிகள் போட்டார்கள். ஊர் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது என்று ஒக்னியான் நினைத்தான். பாதிரியார் வண்டிக்காரனோடு கிளம்பிப் போனார்.

அம்மாவுக்கு டாக்ஸி பிடிக்க ஒக்னியான் வாசலுக்குப் போனான். நுழைவாயில் பலகையில், நேற்று அவனே ஒட்டிய நோட்டீஸிலிருந்து, அப்பா முறைத்துக்கொண்டிருந்தார். வேலைப் பழக்கத்தில் ஓரம் சரியாக வெட்டியிருக்கிறதா என்று பார்த்தான். பெயர் சரி. வயது சரி. அடக்கம்: வியாழன், 14.00 மணி.

ஒருவர் நோட்டீஸின் மேல்தான் அடுத்தவர் நோட்டீஸை அடிப்பான். முந்தையவரின் ஃபைலைத் திறந்து, பெயரை மாற்றி, படத்தை மாற்றி, தேதியை மாற்றி. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். செவ்வாய்க்கிழமை போனவர் ஒரு கணக்கு வாத்தியார். அவருக்கு இரண்டு மணி. அப்பாவின் முகச் சுளிப்பைக் கொஞ்சம் மென்மையாக்குவதிலேயே ஒக்னியானுக்கு அரை மணி நேரம் போயிருந்தது. நேரத்தை மாற்றவில்லை. அறுபது இடத்தில் தன் கையாலேயே ஒட்டியிருக்கிறான்.

மணி ஒன்றே கால்.

டாக்ஸியைக் கூப்பிடலாம். அம்மாவைக் கூட்டிப் போய்விடலாம். நான் தப்பாக அடித்ததால்தான் யாரும் வரவில்லை என்று காலத்துக்கும் சொல்லிக்கொள்ளலாம். அதை யாரும் பொய்யாக்க முடியாது. இங்கேயே உட்கார்ந்து இரண்டு மணிக்கும் யாரும் வராவிட்டால் சொல்லிக்கொள்ள ஒன்றுமே இருக்காது.

திரும்பிப் போய் அம்மாவிடம் சொன்னான். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப, வருவாங்களா?" என்றாள்.

"தெரியலம்மா."

அம்மா தலைத்துணியை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். "இருந்து பாப்போம்."

மெத்தோதியும் போகவில்லை. மேட்டை மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆறாம் பிளாக் பவ்லீனா கிழவி, செத்தவர்களுக்கு வைப்பதுபோல இரட்டைப்படையாக நாலு கார்னேஷன் பூக்களோடு மூச்சு வாங்க ஏறி வந்தாள். மேட்டைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூடிட்டீங்களா? ரெண்டு மணின்னுதானே போட்டிருந்தது?"

"அச்சுப் பிழை பாட்டி."

"எந்தக் கழுதை அடிச்சது?"

"நான்தான்."

பவ்லீனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கப்பன் ஒரு நாளும் நேரம் தவறினதில்ல. ஒன்பதுன்னு சீட்டு ஒட்டினா ஒன்பதுக்கு வீடு இருட்டாயிடும். அவனுக்குப் பொறந்த பிள்ளையப் பாரு."

அவளுக்குப் பின்னால் வளைவில் இன்னும் தலைகள் தெரிந்தன. ரொட்டிக்கடைக்காரர், வேலைச் சட்டையோடு. சுரங்கத்தில் வேலை பார்த்த இரண்டு சகோதரர்கள், ஒருவரோடொருவர் பேசாமல் பத்தடி இடைவெளி விட்டு. பெயர் தெரியாத ஒரு பெண், கையில் தூங்கும் குழந்தை. குழி மூடியிருந்ததால் என்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொருவரும் தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மேட்டின் மேலேயே போட்டார்கள்.

அம்மா காலடியில் இருந்த பையைத் திறந்தாள். சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமை. அடக்கம் முடிந்ததும் கொடுப்பது. நாலு பேருக்காகத் திறக்க மனசில்லாமல் மூடியே வைத்திருந்தாள். வரிசையில் வந்தவர்களின் உள்ளங்கையில் ஒரு கரண்டி வைத்தாள். வாயில் போட்டுக்கொண்டு, கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்றார்கள். அந்தப் பக்கம் யார் செத்தாலும் சொல்வதுதான் அது. சுரங்கக்காரர்களில் இளையவர் மட்டும் மென்று விழுங்கிவிட்டு இன்னொரு தடவை சொன்னார்.

வளைவில் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அம்மா பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். கோதுமை பாதிக்கும் கீழே போயிருந்தது. பெரிய கரண்டியை ஒக்னியானிடம் கொடுத்துவிட்டு, பையைத் துழாவி டீ ஸ்பூனை எடுத்தாள்.