சிவப்பும் நீலமும் மின்னிய வாசல்

கல்யாணமாகி இரண்டு வருடங்களாக மாமியார் அவனை "டிரைவர் தம்பி" என்றுதான் குறிப்பிட்டுவந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனை டிரைவர் என்பதில் குற்றமில்லை. தம்பி என்பதும் மரியாதையான வார்த்தைதான். ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரு மாமியார் சொந்த மருமகனைச் சொல்லும்போது நடுவில் ஒரு கதவைச் சாத்தியதுபோல இருக்கும். மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட கோபம் அவருக்கு. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அந்தக் கோபத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. சத்தம் போட மாட்டார், திட்ட மாட்டார். போனை வைக்கும்முன் மகளிடம், "டிரைவர் தம்பிய கேட்டதா சொல்லு" என்பார். பக்கத்தில் நிற்பவன், "நல்லா இருக்கேன் அத்தை!" என்று போனைப் பார்த்துக் கத்துவான். அதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும்.

அப்படிப்பட்டவர் முதன்முதலாக வீட்டுக்கு வருகிறார். கல்யாண நாளுக்காவது வந்து போம்மா என்று மகள் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மனதில் ஒரே ஓர் ஆசைதான், அதை வெளியே சொல்லவும் வெட்கம். ஒரு தடவையாவது அவர் தன்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட வேண்டும்.

"நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அம்மாவ கூட்டிட்டு வரேன்" என்றாள் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே. "நீங்க அந்தப் பையில இருக்கிற லைட்ட வாசல்ல மாட்டுங்க. காகிதப் பூவ ஹால்ல ஒட்டுங்க. அவ்வளவுதான். தயவுசெஞ்சு சொந்தமா எதுவும் யோசிக்காதீங்க."

"நான் என்னைக்கு யோசிச்சிருக்கேன்?" என்றான் அவன். அது உண்மைதான், ஆனால் அன்றைக்குப் பார்த்து யோசித்துவிட்டான்.

பையிலிருந்த சரத்தை எடுத்து ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தான். இளமஞ்சளாக, அடக்கமாக எரிந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தான். மின்னவில்லை, ஓடவில்லை, நிறம் மாறவில்லை. எரிந்துகொண்டு சும்மா இருந்தது. "இதுக்கு நாடித்துடிப்பே இல்லையே" என்று முணுமுணுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு முனையிலிருக்கும் எலக்ட்ரிகல் கடைக்குக் கிளம்பினான்.

கடைக்காரர் பச்சை, ஊதா, பல வண்ணம் என்று ஒவ்வொன்றாக எரியவைத்துக் காட்டினார். எதுவும் அவன் கண்ணில் ஏறவில்லை. கடைசியில் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பளிச்பளிச்சென்று வெட்டும் ஒரு சரம் வந்தது. அவன் முகமெல்லாம் மலர்ந்தது.

"இதுதாண்ணே! இன்னும் வேகமா மின்னுமா?"

"மின்னும். ஆனா வீட்டுக்கா கேக்கறீங்க?" என்றார் கடைக்காரர் சந்தேகமாக.

பாவம், அவருக்கு என்ன தெரியும்? உலகத்திலேயே அழகான வெளிச்சம் எதுவென்று கேட்டால் அவன் இதைத்தான் சொல்வான். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இந்த வெளிச்சத்தைக் கண்டதும், அழுதுகொண்டு நிற்கிறவர்கள், "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று ஓடிவருவார்கள். அந்த நிம்மதியைத்தான் அவன் தினமும் பார்க்கிறான். வண்டியின் உள்ளேயிருந்து பார்க்கிறவனுக்கு அப்படி. வெளியே நிற்கிற மற்றவர்களுக்கு அது எப்படித் தோன்றும் என்பது மட்டும் அவன் மண்டையில் ஏறவேயில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வேலை முடிந்தது. வாசலைச் சுற்றி ஒரு சரம், ஜன்னலுக்கு ஒன்று, ஹாலுக்குள் ஒன்று. ஸ்விட்சைத் தட்டினான். எதிர்ச்சுவர் வரைக்கும் சிவப்பும் நீலமும் வெட்டி வெட்டி அடித்தன. இடுப்பில் கைவைத்து நின்று ரசித்தான்.

முதலில் மாடிவீட்டு அக்கா தலையை முடியக்கூட நேரமில்லாமல் இறங்கி வந்தாள். "யாருக்கு என்னங்க ஆச்சு?" அடுத்து எதிர்வீட்டுப் பெரியவர், கையில் பிளாஸ்க்கோடு. ஆஸ்பத்திரிக்குப் போனால் வெந்நீர் தேவைப்படும் என்ற முன்யோசனை. பக்கத்துவீட்டுத் தையல்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்ட்ரெச்சர் வர வழி வேண்டுமென்று வாசலில் நின்ற பைக்குகளையெல்லாம் தள்ளிக்கொண்டுபோய்த் தெருமுனையில் நிறுத்திவிட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க, அலங்காரம்!" என்றான் அவன்.

"இதுவா?" என்றார் பெரியவர். வந்தது வந்துவிட்டோம், சும்மா எப்படித் திரும்புவது என்று எல்லோரும் வாசலிலேயே நின்று ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஹாலிலிருந்த சரம் அணைந்துபோனது. ஒயர் போகும் பிளக் சோபாவுக்குப் பின்னால் இருந்தது. அவன் தரையில் குப்புறப் படுத்து சோபாவுக்கு அடியில் நுழைந்தான். கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிளக் கிடைக்குதா என்று வாசலில் நின்ற கூட்டம் வாயை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தது.

அப்போதுதான் தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. பைக்குகள் மறித்ததால் உள்ளே நுழைய முடியவில்லை. பிறகு நடந்ததை மனைவி எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லையாம். தன் வீட்டு வாசலில் சிவப்பு, நீலம், குனிந்து நிற்கும் கூட்டம், அழுத்தமான மௌனம். அவள் ஆட்டோவிலேயே உறைந்துபோனாள். முட்டிவலிக்காரரான அம்மாதான் குதித்து இறங்கி, கைப்பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

சோபாவுக்கு அடியில் கிடந்தவனுக்கு ஒரு குரல் கேட்டது. பள்ளிக்கூட மைதானத்தையே அடக்கிய குரல் அது.

"வழி விடுங்க! தள்ளுங்க எல்லாரும்! என் மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று அவன் நினைத்தான். அடுத்த நொடி இரண்டு கைகள் அவன் கால்களைப் பிடித்து உலுக்கின. "மாப்பிள்ளை! மாப்பிள்ளை! கண்ணத் தொறந்து பாருங்க!"

அவன் பதறிப் புரண்டு எழப்போக, சோபாவின் மரச்சட்டம் நெற்றியில் மடாரென்று இடித்தது. ஊர்ந்து வெளியே வந்தபோது மாமியார் தரையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கண்ணீர், மூச்சு இரைத்தது. அவனுக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமாகவும் குற்றவுணர்ச்சியாகவும் இருந்தது.

"அத்தை, அது... லைட்டு. உங்களுக்காகத்தான் மாட்டினேன்."

மாமியார் வாசலைப் பார்த்தார், காகிதப் பூவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"லைட்டா? இதுவா லைட்டு?" என்றார். "உங்களுக்கெல்லாம் அறிவு எங்க இருக்கு? எனக்கு உயிரே போயிடுச்சு!" அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. வெந்நீர் பிளாஸ்க்கும் நைசாக நழுவியது.

கைப்பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்த மனைவி, நடந்ததை ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். "யோசிக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? எந்திரிச்சு முதல்ல அத அணைங்க!"

"அவர் எந்திரிக்கக் கூடாது. நீ போய் அணை" என்றார் மாமியார். "அப்படியே ஐஸ் எடுத்துட்டு வா. நெத்தி புடைச்சிருக்கு, பாத்துட்டு நிக்கற?"

மனைவி அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஸ்விட்சை அணைக்கப் போனாள். ஐஸ் வந்தது. மாமியார் அதைக் கைக்குட்டையில் சுற்றி அவன் நெற்றியில் வைத்து அழுத்தினார்.

எத்தனையோ பேரின் காயங்களைப் பார்த்தவன் அவன். இந்தப் புடைப்பு ஒன்றுமேயில்லை, தேநீர் குடித்து முடிப்பதற்குள் வடிந்துவிடும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

"ரொம்ப வலிக்குதா மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமியார்.

"தாங்க முடியல அத்தை" என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.