மரை ஏறாத மூடி

மூடி ஒன்றரைச் சுற்று ஏறியது. அதற்கு மேல் நகரவில்லை.

அருள்குமார் அதைக் கழற்றி, மறுபடி வைத்துத் திருகினார். அதே இடத்தில் நின்றது. பளபளவென்று பித்தளையில் செய்த புது ரேடியேட்டர் மூடி. கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கு உதிரி செய்து தருகிற ஒருவரிடம், பழைய மூடியையே மாதிரிக்கு அனுப்பி வாங்கியிருந்தார்.

“பாத்தீங்களா முனியப்பண்ணா.”

அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ரேடியேட்டர் கடை எங்களுடையது. லாரியும் டிராக்டரும் வந்து நிற்கிற இடத்தில் அன்று அந்தக் கறுப்புக் கார் நின்றது. அருள்குமாரின் தாத்தா வாங்கியது. முப்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது. அவர்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான் வரும்.

“மூடி செஞ்சவரு என்ன சொல்றாரு தெரியுங்களா? குடுத்த மூடிக்கு அச்சு மாறாம செஞ்சிருக்கேன், இது ஏறலைன்னா அந்த ரேடியேட்டரே உங்க வண்டியோடது இல்லைங்கறாரு.”

“அப்படிங்களா,” என்றார் அப்பா.

“பழைய மூடிக்குள்ள அரம் போட்டுத் தேச்சிருக்குதாம். நூலைச் சுத்தி எப்படியோ உக்கார வச்சிருக்குதாம். சொந்த ரேடியேட்டருக்கு எதுக்குங்க அந்த வேலை?” அவர் குரலை உயர்த்தவில்லை. “ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒழுகுதுன்னு கழட்டிக் குடுத்தோம். நாலு நாள் உங்ககிட்ட இருந்துச்சு. வேற யாரு கையும் அதுல படலை.”

நான் கடைக்குள் பில் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து எட்டு மாதம். வேலை கிடைக்கும்வரை மகள் கடையில் இருக்கிறாள் என்று எல்லோரிடமும் அப்பா சொல்வார். வருகிறவர்களிடம் பேசுவது அவர் வேலை. எழுதுவது என் வேலை.

யார் என்ன கேட்டாலும் அப்பா பதிலுக்குத் தேடமாட்டார். அன்று தேடினார். கடைசியில், “பாக்கலாமுங்க தம்பி,” என்றார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. எங்க ரேடியேட்டர் வந்துடணும். இல்லைன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்.”

இரண்டு மூடிகளையும் என் மேசைமேல் வைத்தார். சாட்சிப் பொருளை வைப்பதுபோல வைத்தார். வண்டி சூடு ஆறவேண்டும் என்று மாதுவிடம் சொல்லிவிட்டு, யாருடைய பைக்கிலோ ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போனார். “எவனும் கை வைக்காம பாத்துக்க மாது.”

மாது மாமாதான் அந்த வண்டியின் டிரைவர். இருபத்தெட்டு வருடமாக அவர்தான். எங்களுக்குச் சொந்தம் இல்லை. கடைக்கு வந்துபோகிற பழக்கத்தில் மாமா. அவ்வளவு நேரமும் அவர் முன்விளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த விளக்கில் துடைக்க ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரு மதியம் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், கல்லூரி அரை நாளோடு விட்டு நான் கடைக்கு வந்தபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பகலில் அப்பா ஷட்டரை இறக்கமாட்டார். குனிந்து பார்த்தேன். அப்பாவும் மாது மாமாவும் தரையில் உட்கார்ந்து எதையோ நியூஸ் பேப்பரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அப்பா பேப்பரை மடித்தார். “வூட்டுக்குப் போ கண்ணு,” என்றார். அதே வாரம் ஒரு சாக்கு மூட்டை பித்தளை சேலத்துக்குப் போனது.

அப்போது எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

பழைய மூடியைக் கையில் எடுத்தேன். உள்ளே திருகுமரை மழுங்கியிருந்தது. அரத்தின் கீறல் தெரிந்தது. அந்தக் கீறல் எனக்குத் தெரிந்த கீறல். அப்பா அரத்தைக் குறுக்காகப் பிடிப்பார்.

அப்பா டீக்கடைப் பக்கம் போயிருந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போயிருந்தார்.

அளந்து பார்ப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து நீளமாக வெட்டினேன். மூடிக்குள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே இருந்த கறுப்புப் பசை மரையின் கோடுகளைத் தாளில் பதித்தது. மழுங்கியிருந்தாலும் கோடுகள் தெரிந்தன. இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனேன்.

மாது மாமா துடைப்பதை நிறுத்தினார்.

“என்ன கண்ணு?”

“சும்மா ஒரு அளவு மாமா.”

“எதுவும் தொடக்கூடாதுன்னாரு.”

“பேப்பர்தான் மாமா தொடும்.”

அவர் சிரிக்கவில்லை. ரேடியேட்டரில் மூடி ஏறுகிற கழுத்து பித்தளை. அதன் மரைமேல் தாளைச் சுற்றிப் பென்சிலால் தேய்த்தேன். கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. அடி மரையில் நூல் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. நகத்தால் எடுத்தேன். வெள்ளை நூல். பூக்கட்டுகிற நூல்.

“குப்பையா?” என்றார் மாது மாமா.

“ஆமா.”

அதைத் தாளுக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். அவர் பார்த்தார். நான் கடைக்குள் போகும்வரை துணி அசையவில்லை.

என் ஸ்கேல் பள்ளியில் வாங்கியது. ஒரு பக்கம் அங்குலம், ஒரு பக்கம் சென்டிமீட்டர். கழுத்தின் தாளை அங்குலப் பக்கம் வைத்தேன். அரை அங்குலத்தில் சரியாக ஆறு இடைவெளி. மூடியின் தாளை அதே பக்கம் வைத்தேன். ஆறாவது இடைவெளி அரை அங்குலத்தை எட்டவில்லை. திருப்பி மில்லிமீட்டர் பக்கம் வைத்தேன். கோட்டுக்குக் கோடு இரண்டு மில்லிமீட்டர். பிசகவில்லை.

இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தேன். முதல் கோடு பொருந்தியது. இரண்டாவது கிட்டத்தட்டப் பொருந்தியது. அதற்கப்புறம் விலகிக்கொண்டே போனது. அதனால்தான் ஒன்றரைச் சுற்று.

அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டி அங்குலக் கணக்கில் செய்தது. கழுத்து அங்குலத்தில் இருக்கிறது. மூடிதான் மில்லிமீட்டரில் இருக்கிறது. வண்டியோடு வந்தது என்று கோயம்புத்தூருக்கு அனுப்பிய மூடி, வண்டியோடு வந்ததே இல்லை. ஏதோ உள்ளூர் லேத் பட்டறையில் கடைந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரேடியேட்டரை அப்பா மாற்றவில்லை என்றால், மூடியை மாற்றியது யார்? அரக்கீறல் அப்பாவுடையது. ஆனால் நூல் அப்பாவுடையது இல்லை. அப்பா சணல்தான் சுற்றுவார், ஷெல்லாக் பசை தடவி. இரண்டு வருடம் கொதிநீரில் கிடந்த நூல் வெள்ளையாகவும் இருக்காது. அது போன மாதத்து நூல்.

அப்பா வந்ததும் தாள்களை அவர் முன்னால் வைத்தேன். ஸ்கேலையும் வைத்தேன். அவர் ஸ்கேலைப் பார்க்கவே இல்லை. வெளியே பார்த்தார். மாது மாமா வண்டியின் அந்தப் பக்கம் இருந்தார்.

“மெதுவாப் பேசு,” என்றார்.

“மூடிய யாருப்பா மாத்துனது?”

“மாதுதான். வத்தல்மலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கான். வளைவுல தண்ணி கொதிச்சிருக்குது. மூடியக் கழட்டி மட்கார்டு மேல வச்சிட்டு, தண்ணி ஊத்திட்டு, அப்படியே வண்டிய எடுத்துட்டான். ரெண்டு நாள் மலையில தேடியிருக்கான். கிடைக்கலை.”

“சொல்லியிருக்கலாமே.”

“அருள்குமார் தம்பியோட அப்பா அப்ப இருந்தாரு. ஒரு கண்ணாடி கீறுனதுக்கு முன்னாடி இருந்த டிரைவரை அனுப்புனவரு. இவன் நல்லம்பள்ளில, போர்வெல் வண்டிக்குச் சாமான் கடையற லேத்துல ஒன்னு போட்டு வாங்கிட்டு வந்தான். ஏறலை. எங்கிட்ட வந்து அழுவறான். தேச்சு, சணல் சுத்தி, உக்கார வச்சேன்.”

“அந்த மூட்டை? அதே வாரம் சேலத்துக்குப் போச்சே.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பஸ்ஸு ரேடியேட்டர் கண்ணு. உடைச்சது.” கொஞ்சம் பொறுத்து, “அதெல்லாம் நீ பாத்து வச்சிருக்கியா,” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“மாது பேரை யாருகிட்டயும் சொல்லக்கூடாது. எனக்கு வாக்குக் குடு.”

“அப்ப உங்க பேரு?”

“எனக்குக் கடை இருக்குது. அவனுக்கு அந்த ஸ்டீரிங் மட்டும்தான்.”

சொல்லமாட்டேன் என்று சொன்னேன். அவர் சொன்னதை நம்பினேன் என்று சொல்லமுடியாது. மலையில் மூடி விழுந்ததை அவர் பார்க்கவில்லை. மாது மாமா சொன்னதுதான். பழைய கார் மூடிகளை விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று போனில் பார்த்தேன். நகை மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அருள்குமார் வந்தார். வண்டியை மாது மாமா ஓட்டி வந்திருந்தார். கழுத்தில் ஒரு துணி அடைத்திருந்தது.

அப்பா பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் எழுந்து வெளியே வந்தேன். தாள்களைப் பானட்டின்மேல் வைத்து, ஸ்கேலை வைத்துக் காட்டினேன். அங்குலம், மில்லிமீட்டர் என்று இரண்டே வார்த்தைதான் சரியாக வந்தது. அருள்குமார் குனிந்து எண்ணினார். திரும்பவும் எண்ணினார். கெட்டிக்காரர். நான் சொல்லாததும் அவருக்குப் புரிந்தது.

“ரேடியேட்டர் எங்களுதுதான்னு இதுல எங்க இருக்குது?”

“இல்லீங்க. அது இல்லை. மூடி உங்களுது இல்லைன்னு மட்டும்தான் இருக்குது. அதை வச்சு ரேடியேட்டர் மாறிடுச்சுன்னு சொல்லமுடியாதுங்க.”

“சரி. அப்ப எங்க மூடி எங்க?”

மாது மாமா முன்விளக்கின்மேல் துணியை வைத்தபடி நின்றார்.

“நான்தான் தம்பி தொலைச்சேன்,” என்றார் அப்பா. “கடையிலதான் தொலைஞ்சது. சொல்லப் பயந்துகிட்டு வேற போட்டேன்.”

நான் மாது மாமாவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். துணியை உதறி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டார்.

“ரெண்டு வருசமா வந்து போயிட்டிருக்கறேன். ஒரு வார்த்தை சொல்லலையே,” என்றார் அருள்குமார். அன்று அதற்கப்புறம் அவர் அப்பாவை அண்ணா என்று கூப்பிடவில்லை. “இந்த அளவுக்கு ஒரு மூடி போடச் சொல்றேன். இங்கயே வந்து மாட்டிப் பாக்கறேன். அதுவும் ஏறலைன்னா அப்ப ரேடியேட்டருக்குப் பேசலாம்.”

பதினாறு நாள் ஆனது. அந்தப் பதினாறு நாளில் லாரிக்காரர்கள் இரண்டு பேர், கழற்றிக் கொடுத்த ரேடியேட்டரின் எல்லாப் பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே எடுத்தார். “தப்பா நெனைக்காதீங்க, ஒரு ஞாபகத்துக்கு.” அப்பாவும் சிரித்தார். வீட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனார்.

புது மூடி வந்தது. அருள்குமார் அட்டைப் பெட்டியை என்னிடம் நீட்டினார்.

“உன் அளவுதான். நீயே போடும்மா.”

பெட்டியைத் திறந்தேன். மரை கூர்மையாக, சுத்தமாக இருந்தது. ஏறும் என்று எனக்குத் தெரிந்தது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார், தானே வாங்கி மாட்டுவதற்கு. நான் அவரைத் தாண்டி நாலு அடி நடந்தேன்.

“நீங்க போடுங்க மாமா,” என்று மாது மாமாவிடம் கொடுத்தேன்.

அவர் வாங்கினார். கழுத்தில் இருந்த துணியை எடுத்தார். மூடியை இடது கைக்கு மாற்றினார். வலது கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. சின்ன நூல் உருண்டை ஒன்றை எடுத்து, முனையைப் பல்லால் பிரித்து, கழுத்தில் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. இடைவெளி விடாமல், இறுக்கமாக, பழகிய கையாகச் சுற்றினார்.

நாலாவது சுற்றில் கை நின்றது.

“அது எதுக்கு மாது?” என்றார் அருள்குமார்.

மாது மாமா நிமிரவில்லை.

“புது மூடிக்கு எதுக்கு நூலு? பையில எப்பவும் வச்சிருக்கியா?”

“பூ கட்டறதுக்குங்க,” என்றார் மாது மாமா.

“சுத்துனது பூவுக்கு இல்லையே.”

மாது மாமா நூலை அவிழ்த்தார். அவிழ்ப்பதற்குச் சுற்றியதைவிட அதிக நேரம் ஆனது. மூடியை வைத்துத் திருகினார். ஒன்றரைச் சுற்றைத் தாண்டியது. மூன்று, நாலு. அடியில் போய் மெத்தென்று உட்கார்ந்தது. அருள்குமார் அதைப் பார்க்கவே இல்லை. அவர் நூல் உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாவியக் குடு,” என்றார்.

வண்டியை அவரே எடுத்தார். போகும்போது கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்து, “வர்றேன் முனியப்பண்ணா,” என்றார். அப்பா பார்த்தது மாது மாமாவை.

மாது மாமா தோள் துணியோடு ரோட்டில் நின்றார். அப்பா அவரிடம் போக இரண்டு அடி வைத்தவர், திரும்பி என்னிடம் வந்தார்.

“நீ ஏன் அவன் கையில குடுத்த?”

“பழகுன கைன்னு குடுத்தேன்.”

அப்பா என் முகத்தையே பார்த்தார். அரக்கீறலை நான் எப்படிப் பார்த்தேனோ அப்படிப் பார்த்தார்.

நான் உள்ளே போய் பில் புத்தகத்தைத் திறந்தேன். வெளியே மாது மாமா பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பாமல், வண்டி போன திசையிலேயே நடந்துகொண்டிருந்தார்.